பொறுப்பை ஒப்படைக்கும் பருவம்

காலி வீதியிலே பம்பலப்பிட்டிச் சந்திக்கு இருபுறமும் உள்ள கடைகளுட் பல, பெருங் கம்பனிகளுக்கு உரியன அல்ல. ஒருவர் தம் கைப்பணத்தை முதலாக இட்டு, தாமே கொள்முதல் செய்து, தாமே விலை சொல்லி, தாமே பெட்டியடியில் இருந்து காசு வாங்கி, இரவிலே தாமே கதவைப் பூட்டித் திறப்பை எடுத்துச் செல்லும் கடைகள் அவை. 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், கடைச் சிப்பந்தி ஒருவரின் வழமையான வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரையறுத்தது. முதலாளிக்கு அத்தகைய வரையறை எதுவும் இல்லை. காலை 8 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்குப் பூட்டும் கடையில் ஆறு நாள் இருப்பவர் வாரத்தில் 78 மணி நேரத்தை அங்கே கழிக்கிறார். ஏறக்குறைய இரண்டு சிப்பந்திகளின் நேரம் அது. அவ்வாறிருந்தும், ஒரு பகுதி வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் என்ன என்று அவரைக் கேட்டால், அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும்.

அந்தக் காலம் எப்பொழுது வரும்? அது வந்துவிட்டது என்பதை அவர் எவ்வாறு அறிவது?

வழக்கமாகக் கூறப்படும் விடைகள் மூன்று. உடல் தளரும்போது என்பது ஒன்று; மகன் தலையெடுக்கும்போது என்பது ஒன்று; நம்பிக்கையான ஆள் கிடைக்கும்போது என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நோய் நாள் குறித்துக் கொண்டு வருவதில்லை. முதலாளி ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடக்க, அவர் மனைவி வீட்டு அலுமாரியில் உள்ள கொப்பிகளைப் புரட்டி, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்று அறியாமல் திகைத்து நின்ற குடும்பங்களை நேயர்கள் பலரும் கண்டிருப்பர். அங்கே நிகழ்வது ஒப்படைத்தல் அன்று; கைவிட்டுப் போதலே. இரண்டாவது விடையும் இக்காலத்தில் வலுவிழந்துவிட்டது. தலையெடுத்த மகன் ரொறன்ரோவிலோ லண்டனிலோ தனக்கென ஒரு தொழிலைத் தேடிக்கொண்டிருப்பான்.

மூன்றாவது விடை அறிவுடையதாகத் தோன்றுகிறது. நம்பிக்கையான ஆள் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? ஆயினும் அதற்குள்ளே ஒரு முடிச்சு இருக்கிறது. பெட்டியில் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதே முதலாளிக்குத் திட்டமாகத் தெரியாத கடையிலே, நேர்மையான சிப்பந்தியும் தன் நேர்மையை நிரூபிக்க இயலாது. நேர்மையற்றவனின் களவும் வெளிப்படாது. இருவரும் ஒரேமாதிரித் தோன்றுவர். சந்தேகம் முதலில் யார்மீது விழுகிறதோ அவன் வெளியேறுகிறான். பத்து ஆண்டுகளில் எட்டு ஆட்களை மாற்றிவிட்டு, 'இந்தக் காலத்தில் நல்ல பெடியன்கள் கிடைப்பதில்லை' என்று குறைகூறும் முதலாளிமார் இப்படித்தான் உருவாகின்றனர்.

பம்பலப்பிட்டியிலேயே இதற்கு ஒரு பழைய விடை கண்முன்னே நிற்கிறது. காலி வீதியோரத்தில் பழைய கதிரேசன் கோவில், புதிய கதிரேசன் கோவில் என இரண்டு உள்ளன. ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து வேல் இரதம் புறப்பட்டு இவ்வழியே வருவதைக் கொழும்பு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கின்றனர். இக்கோவில்களை நிறுவியோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்களுடைய தேனாவெட்டு வீடுகளையும் கோவிற்றிருப்பணிகளையும் பற்றிப் பேசுவோர் பலர். அவர்கள் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்த முறையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. உண்மையில் அதுவே அவர்களுடைய ஏனைய செல்வங்களுக்கு மூலமாய் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலாயா எங்கும் அவர்கள் கடை வைத்து நெல்லுக்கும் நிலத்துக்கும் வணிகத்துக்கும் கடன் கொடுத்தனர். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை கொழும்பிலோ இரங்கூனிலோ இருக்கும். இடையிலே கடல். தந்தி உண்டு, தபால் உண்டு, வேறில்லை. இந்நிலையில் முதலாளியின் பெரும்பணத்தைக் கையாள்பவர் 'மேலாள்' எனப்பட்ட முகவர். அவருக்குத் துணையாக 'அடுத்தாள்'. அவருக்குங் கீழே 'பெட்டியடிப் பையன்'. பையனாகச் சேர்ந்தவன் முந்திரி, அரைக்கால் என்னும் சிற்றிலக்க வாய்பாடுகளை முன்னரே மனப்பாடம் செய்தவனாய் இருப்பான். கடிதம் எடுத்துச் செல்வதும் கணக்குப் படி எடுப்பதுமாகச் சில ஆண்டுகள் கழித்து அடுத்தாளாவான். அதற்கும் பிறகுதான் மேலாள். ஒரே நாளில் யாரும் யாரையும் நம்பவில்லை. நம்பிக்கைக்குப் படிகள் இருந்தன.

மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. அவர் புறப்படுமுன் சம்பளம் இவ்வளவு என்று எழுத்திலே முடிவாகும். அதில் ஒரு பகுதி முன்பணமாகக் கொடுக்கப்படும், குடும்பம் ஊரில் இருப்பதால். கடைக்கு ஒரு 'விலாசம்' உண்டு. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைந்தது அது. மேலாள் அந்த விலாசத்தை முன்வைத்தே கையொப்பமிட்டார். அற்றோணித் தத்துவப் பத்திரமும் அவர் கையில் இருந்தது. கடன் கொடுக்கவும் மறுக்கவும், வழக்குத் தொடுக்கவும், நிலம் எழுதி வாங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் நடவாது என்பதை முதலாளி அறிந்திருந்தார்.

ஆனால் அந்த அதிகாரத்தைச் சுற்றி வேலியும் இருந்தது. நாட்குறிப்பிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து ஐந்தொகைக்கும் கணக்கு ஒரே முறையில் ஏறியது. கொழும்புக் கடையின் ஏட்டை இரங்கூன் கடையின் அடுத்தாள் எடுத்துப் படித்தாலும் விளங்கும். காலந்தோறும் கணக்கின் படி ஊருக்குப் போகும். வட்டி வீதமுங்கூட மேலாளின் தனி விருப்பத்துக்கு விடப்படவில்லை. இரங்கூனிலே செட்டியார்கள் மாதந்தோறும் கோவிலிற் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தனர். ஒரே கிட்டங்கியில் பல கடைக்காரர்கள் அடுத்தடுத்துப் பெட்டி வைத்து அமர்ந்தமையால், ஒருவர் தடுமாறத் தொடங்கினால் மற்றவர் அறியாமல் இருப்பது அரிது.

இவை யாவற்றிலும் கருத்தூன்றிக் காணவேண்டியது தவணை மாறும் காலம். புதிய மேலாள் வந்திறங்குவார். பழையவர் உடனே கப்பலேறிவிடுவதில்லை. இருவரும் சேர்ந்து கடன்காரர்களிடம் செல்வர். இன்னாருக்கு இவ்வளவு, இன்ன ஈட்டின்மேல், இவர் அறுவடையானதும் தருவார், அவரிடம் இருமுறை கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கைமாறும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கடையின் முழு அறிவும் ஒருவர் தலையிலிருந்து வெளிவந்து, ஏட்டில் ஏறி, இன்னொருவர் தலைக்குள் போகவேண்டும். இதனால் எந்த மேலாளும், ஏன், முதலாளியுங்கூட, அவர் இல்லாவிடில் கடை இல்லை என்னும் நிலைக்கு வளர முடியவில்லை. இன்று காலி வீதிக் கடைக்காரர் 'எனக்குத்தான் எல்லாம் தெரியும்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்வதை, அந்தச் செட்டியார்கள் கடைக்கு வந்த நோயாகவே கருதியிருப்பர்.

ஆகவே, ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டதா என்பதைச் சிப்பந்தியின் முகத்தைப் பார்த்து அறிய முயல்வது வீண். முதலாளியின் கணக்கைப் பார்த்தே அறியவேண்டும். அவர் எதிரே இல்லாதபோது அவருக்குப் பதிலாகப் பேசக்கூடிய கணக்கு இருக்கிறதா? ஒப்படைக்கும் வேலையில் எவ்வளவு நட்டம் வந்தால் தாங்கலாம் என்று அவர் எண்ணிப் பார்த்திருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால், ஆள் சுமாரானவனாக இருந்தாலும் தொடங்கலாம். இரண்டுக்கும் இல்லை என்றால், அரிச்சந்திரனே வந்து வேலைக்கு நின்றாலும் ஒப்படைக்க முடியாது.

செட்டியார் முறைக்குக் குறை இல்லாமலில்லை. அது ஒரு சாதிக்குள்ளும் சில ஊர்களுக்குள்ளும் அடங்கிய முறை. ஏடு உள்ளே இருப்பவருக்கு விளங்கியது போல வெளியே இருப்பவருக்கு விளங்கவில்லை. கொழும்பில் இருந்த பிரித்தானிய வங்கிகள் செட்டியார்களுக்குக் கடன் கொடுத்தபோது, 'சிறாப்பர்' எனப்பட்ட இடையாளின் வாக்குறுதியையே பெரிதும் நம்பின. 1925 ஆம் ஆண்டிலே சில கடைகள் நொடித்தன. உடனே வங்கிகள் செட்டியார்களுக்கு இருந்த கடன் வசதியை இறுக்கிக்கொண்டன. நல்ல கடைகளும் சேர்ந்து வருந்தின. 1934 ஆம் ஆண்டில் அறிக்கை சமர்ப்பித்த இலங்கை வங்கி ஆணைக்குழுவின் சிந்தனைக்கு இந்நிலைமையும் ஒரு காரணம். அதன் வழியே 1939 இல் இலங்கை வங்கி தோன்றியது. கணக்கு பேசவேண்டிய இடத்தில் ஒருவருடைய வாக்கு மட்டும் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு வங்கிகளே உதாரணமாயின. சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களால் செட்டியார்களின் வணிகம் இந்நாட்டிற் சுருங்கியது. கோவில்கள் நிலைத்தன.

ஐரோப்பாவிலும் இதற்கு ஒப்பான கதை உண்டு. 1397 இல் புளோரன்ஸ் நகரில் தொடங்கிய மெடிசி வங்கிக்குப் பல நாடுகளிற் கிளைகள் இருந்தன. ஒவ்வொரு கிளையும் தனிப் பங்காளிக் கூட்டு. முகாமையாளருக்கு இலாபத்திற் பங்கு உண்டு. செய்யத் தகாதவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தன. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் கடன் கொடுப்பதைக் குறித்த கட்டுப்பாடு அவற்றுள் ஒன்று. 1464 இல் கோசிமோ இறந்தபின், மறு ஆண்டிலே தொம்மாசோ போர்த்தினாரி புரூஜ் நகரக் கிளையின் முகாமையாளரானார். நாளடைவில் அந்தக் கட்டுப்பாடு அவருக்காகத் தளர்த்தப்பட்டது. பர்கண்டிக் கோமகன் சார்லசுக்கு அவர் மேன்மேலும் கடன் கொடுத்தார். 1477 இல் சார்லஸ் போர்க்களத்தில் மடிந்தார். சில ஆண்டுகளில் புரூஜ் கிளை மூடப்பட்டது. 1494 இல் வங்கியே முடிந்தது. போர்த்தினாரியிடம் அதிகாரம் கொடுத்தது பிழை என்று சொல்லிவிடலாம். வேலியைக் கழற்றிவிட்டு அதன்பின் எட்டிப் பாராமல் இருந்ததே பெரிய பிழை.

இனி, இவற்றைப் பம்பலப்பிட்டியின் ஒரு புடவைக்கடைக்கு அல்லது பலசரக்குக் கடைக்குக் கொண்டுவருவது எப்படி?

முதலாளி ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியைப் பெட்டியடியில் வைத்துக்கொண்டு, சிப்பந்திகள் தம்மைக் கேட்கும் கேள்விகள் யாவற்றையும் எழுதிவருவது நல்ல தொடக்கம். 'அண்ணை, இதற்கு எவ்வளவு குறைக்கலாம்?' 'முதலாளி, அந்த அம்மா கடனுக்குக் கேட்கிறா, கொடுக்கட்டா?' 'சரக்கு வந்திருக்கு, எண்ணி எடுக்கவா?' கிழமை முடிவில் அதைப் படித்தால் ஒரு செய்தி புலப்படும். ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே விடை கொடுக்கப்பட்டிருந்தால், அந்த வேலை கைமாறும் பருவத்தை அடைந்துவிட்டது. அந்த விடையை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். ஒரே கேள்விக்கு நாளுக்கொரு விடை கொடுத்திருந்தால், முதலாளிக்கே இன்னும் தம் விடை தெரியவில்லை என்பதே பொருள். அதைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டு, பிழை வந்தபின் கோபிப்பது நியாயமன்று.

எல்லாவற்றினும் கடினமானது கடன் கொப்பி. கொப்பியில் பெயரும் தொகையும் மட்டுமே இருக்கும். மீதி முதலாளியின் நெஞ்சில் இருக்கும். இந்த வீட்டார் மாதம் 25 ஆம் திகதி தவறாமல் தருவர். அந்த ஐயாவின் ஓய்வூதியம் வந்தபின்தான் கேட்கவேண்டும். இன்னாருக்கு இருபதினாயிரம் ரூபாவுக்கு மேல் ஏறவிடக் கூடாது. இன்னாரிடம் கேட்கவே கூடாது, அவர் தகப்பனார் கடை தொடங்கிய நாளில் உதவியவர். இவை கணக்கியல் நூல்களில் வாரா. ஆயினும் கடையின் முதலிற் பாதி இவற்றுள்ளே உறைந்து கிடக்கும். பழைய மேலாள் புதிய மேலாளை வீடு வீடாக அழைத்துச் சென்றது இதற்காகவே. இன்றைய முதலாளியும் தம் சிப்பந்தியை அழைத்துச் சென்று, 'இனி இந்தத் தம்பியிடம் கொடுங்கள்' என்று வாயாற் சொல்லவேண்டும். வாடிக்கையாளர் காதில் அந்தச் சொல் விழாதவரை ஒப்படைத்தல் பாதியிலேயே நிற்கிறது.

பலர் முதலில் ஒப்படைப்பது தூசி தட்டுவதையும் கதவு திறப்பதையும். அவற்றை ஒப்படைத்தல் என்று சொல்ல வேண்டுமா என்ன? தீர்மானம் கைமாறினாலன்றோ பொறுப்பு கைமாறும்? ஐயாயிரம் ரூபாவரை விலைக்குறைப்பும் சரக்கு மாற்றிக் கொடுத்தலும் தம்பியின் விருப்பம் என்று ஓர் எல்லை வகுத்துத் தொடங்கலாம். அந்த ஐயாயிரம், ஒரு மாதத்தில் சிலமுறை வீணாகப் போனாலும் கடை தாங்கக்கூடிய தொகையாக இருக்கவேண்டும். இதற்கு நேர்மாறானது, காசோலைப் புத்தகத்தின் தாள்களில் வெறுமனே கையொப்பமிட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போகும் வழக்கம். எல்லையில்லாத அதிகாரத்தைக் கணக்கில்லாமற் கொடுப்பது அது. அவசரத்தில் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும், மற்ற நாட்களில் நூறு ரூபாக் குறைக்கவும் ஒருவருக்கும் அனுமதி கொடாதவர்களே.

பரீட்சை நாள் எது? முதற் பிழை நிகழும் நாள். வாங்கிய சேலையில் இழை விட்டிருப்பதாக ஒரு பெண்மணி திரும்பி வருகிறார். சிப்பந்தி தன் எல்லைக்குள் நின்று வேறொன்றை மாற்றிக் கொடுக்கிறான். முதலாளி வந்து பார்க்கிறார்; அது கடையின் குற்றமன்று, அப்பெண்மணி அணிந்து கிழித்தது என்று அவருக்குத் தெரிகிறது. வாடிக்கையாளர் முன்னிலையில் அவனைக் கடிந்து சேலையைத் திரும்பப் பெற்றால், அவருக்கு மூவாயிரம் ரூபா மிச்சமாகும். மறுநாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவன், 'முதலாளி வந்தபின் வாருங்கள்' என்பான். அவன் சொல்வதிற் பிழையில்லை. இரவு கடை பூட்டியபின், கணக்கை வைத்துக்கொண்டு, இழை விட்ட துணிக்கும் கிழிந்த துணிக்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்குக் காட்டக்கூடிய பொறுமை முதலாளிக்கு இருந்தால், அவர் பருவம் அடைந்துவிட்டார். அந்த மூவாயிரம் பயிற்சிச் செலவு.

திருக்குறளின் பொருட்பாலிலே 'தெரிந்து தெளிதல்' 51 ஆம் அதிகாரம். 'தெரிந்து வினையாடல்' 52 ஆம் அதிகாரம். ஆராய்ந்து நம்புதல் முன்னே. நம்பியபின் வேலையைக் கொடுத்தல் பின்னே. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைப் பின்னர் ஐயுறுவதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று வள்ளுவர் சேர்த்தே கூறினார். அரசனுக்குச் சொன்னது பெட்டியடிக்கும் பொருந்துகிறது. இக்காலத்துக் கைத்தொலைபேசியும் கமராவும் இரண்டாவது துன்பத்தை எளிதாக்கிவிட்டன. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் சென்ற முதலாளி, 25 நாட் திருவிழாவில் எத்தனை நாள் தேரடியில் நின்றாலும், கண் கைத்தொலைபேசித் திரையில் தெரியும் பம்பலப்பிட்டிக் கடையில் இருக்குமாயின் அவர் கடையை விட்டுப் போகவே இல்லை. அங்கே நிற்கும் சிப்பந்தியும் அதை அறிவான். நாள் முடிவில் கணக்கை அனுப்பு, அதற்கு முன் அழைக்கமாட்டேன் என்று சொல்லிச் சென்று, சொன்னபடி இருப்பவர் வெகு சிலர். நான்கு நாள் அவ்வாறு இருந்து பார்க்கலாம். திரும்பி வரும்போது பிழைகள் இருக்கும். அவை எத்தகையன என்பதிலிருந்து, எதை இன்னும் எழுதிவைக்கவில்லை என்பது தெரியவரும்.

ஒன்று எஞ்சியிருக்கிறது, அதைப் பற்றி முதலாளிமார் பேச விரும்புவதில்லை. செட்டியார்களின் மேலாளுக்குச் சம்பளத்தோடு இலாபத்திலும் ஒரு பங்கு கிடைத்தது. மெடிசி முகாமையாளருக்கும் கிடைத்தது. இங்கே பொறுப்பு மட்டும் கைமாறுகிறது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்திவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று முதலாளி எண்ணுகிறார். அது சட்டம் எல்லாருக்கும் விதித்த கடமை. அவற்றையுஞ் செலுத்தாதவர் உளர் என்பது வேறு கதை. 'வேலையை நன்றாகப் பழக்கிவிட்டால் எதிர்ச்சாரியில் கடை போட்டுவிடுவான்' என்னும் அச்சம் பலருக்கு உண்டு. போடக்கூடும்தான். மேலாளாய் இருந்தவர்கள் பின்னர்த் தாமே முதலாளிகளானது செட்டியார்களிடையே புதுமையன்று. பையனாகச் சேர்ந்தவன் அந்த நாளை எண்ணியே வாய்பாட்டை மனப்பாடம் செய்தான். முதலாளியும் அதை அறிந்தே அவனைச் சேர்த்துக்கொண்டார். அவன் அங்கே இருந்த மூன்று ஆண்டும் இரு பக்கத்துக்கும் இலாபம் தரும் வகையில் சம்பளமும் பங்கும் எழுதப்பட்டிருந்தன. பம்பலப்பிட்டிக் கடைக்காரர் தம் சிப்பந்தியை அழைத்து அத்தகைய கணக்கு ஒன்றை எழுத உட்காரும் மாலையில், இலாபம் எவ்வளவு என்பதை அவனுக்குக் காட்ட வேண்டி வரும். அதற்கு மனம் இசைகிறதா என்பதை அவர் முதலில் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும்.